சர்வருக்கு முன்னாடி

லிஃப்ட் வந்து கதவு திறக்கும். அவர் ஏற மாட்டார். கையை மட்டும் உள்ளே நீட்டி நான்காம் மாடிப் பொத்தானை அழுத்திவிட்டு வெளியே நின்றுகொள்வார். காலி லிஃப்ட் மேலே போகும். எண்கள் ஒவ்வொன்றாக ஒளிர்வதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அது பத்திரமாகத் திரும்பி வந்த பிறகு, ஊர் போய்த் திரும்பியவரை வரவேற்பவர் போல லேசாகத் தலையை அசைத்துவிட்டு ஏறுவார்.

வரவேற்பு மேசைக்கு லிஃப்ட் நேர் எதிரே. அந்த மேசையில் உட்கார்ந்திருந்த பெண் இதை வேண்டுமென்று கவனிக்கவில்லை. கண்ணுக்கு நேராக ஆண்டுக்கணக்காக நடப்பதைக் கவனிக்காமல் இருப்பதற்குத்தான் தனி முயற்சி வேண்டியிருந்தது.

"என்ன சார், வெள்ளோட்டமா?" என்று நர்சுகள் கேட்பார்கள்.

"ஆமாம்மா" என்பார். அவருக்கு அதில் சிரிப்பு எதுவும் தெரிந்ததில்லை.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவர் அவர். சுற்றறிக்கையில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் முன்னாடி சார். எதைக் கேட்டாலும் "அதுக்கு முன்னாடி..." என்று ஆரம்பிப்பதால் வந்த பெயர். பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றால், அதுக்கு முன்னாடி கரண்ட் இருக்கா பாருங்க. கரண்ட் இருக்கிறது என்றால், அதுக்கு முன்னாடி உங்களுக்கு அதை அச்சடிச்சே ஆகணுமா? இந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்து பலர் கையாலேயே எழுதிக்கொண்டார்கள்.

"மழை வர்றதுக்கு முன்னாடியே நனைஞ்சுட்டு வந்துடுவாரு" என்று மருந்தகத்தில் சொல்வார்கள். அவர் வீட்டுக்காரம்மா ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வந்து வரிசையில் காத்திருந்தபோது, இதைவிடப் பெரிய கதை ஒன்றைச் சொன்னார். கல்யாணத்தன்று மண்டபத்துக்கு மாப்பிள்ளை அத்தனை சீக்கிரம் போய்விட்டார். உள்ளே முந்தின கல்யாணமே முடியவில்லை. பந்தியில் இடம் இருந்ததால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மொய்யும் எழுதிவிட்டு, வெளியே வந்து தன் வீட்டாருக்காகக் காத்திருந்தார்.

"கோபம் வரலையாம்மா?" என்று கேட்டாள் வரவேற்பு மேசைப் பெண்.

"எதுக்குக் கோபம்? சாப்பாடு எப்படி இருக்கும்னு முன்னாடியே சொல்லிட்டாரு. உப்பு கம்மி. சரியாத்தான் இருந்துச்சு."

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. டேப்பு. வரவேற்புக்கு வருவதற்கு முன்பு அவள் நான்காம் மாடியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே, மாலை ஷிஃப்டில் பேக்கப் டேப் மாட்டிக்கொண்டிருந்தாள். அன்றன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் டேப்பில் நகலெடுத்துப் பத்திரப்படுத்தும் வேலை. ஒப்பந்த ஊழியர். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வாங்கியது வரலாற்றில். கம்ப்யூட்டர் அறையில் வரலாறு படித்தவளுக்கு என்ன வேலை என்று அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. நேற்று நடந்ததைப் பத்திரப்படுத்துவதுதானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டதுண்டு. காலையில் கம்ப்யூட்டர் டிப்ளமோ வகுப்புக்குப் போனாள். ஆண்டு முடிவில் அந்த வேலை நிரந்தரமாக்கப்படும், அது அவளுக்குத்தான் என்று பிரிவின் தலைவி, எல்லோரும் மேடம் என்று அழைப்பவர், வாய்விட்டே சொல்லியிருந்தார். அப்பா சுவருக்கு வண்ணம் அடிப்பவர். "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று ஏணிமேல் நின்றபடியே கீழே போகிறவர்களிடம் சொன்னார்.

அந்த அறைக்கென்று ஒரு பேச்சு இருந்தது. அடுத்த ஷிஃப்டில் மாட்ட வேண்டிய டேப்பை எந்திரத்துக்கு எதிரே இருக்கும் தட்டில் எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு 'முன்னாடி போடுவது' என்று பெயர். "முன்னாடி போட்டாச்சா?" என்றால் "எடுத்து வைத்தாயிற்றா?" என்று அர்த்தம். டேப் மாட்டுகிறவர்கள் அத்தனை பேரும் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த முன்னாடி சாருக்கு இது தெரியாது. தடுப்பு கண்ணாடிதான். ஆனால் தடிமனான கண்ணாடி.

அப்போதுதான் டைரக்டரி சர்வர் வந்தது.

அதுவரை ஆஸ்பத்திரியில் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பாஸ்வேர்ட், மருந்தகத்துக்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று. நர்சுகள் அவற்றை எழுதிக் கண்ணாடிக்கூட்டில் வைத்திருந்தார்கள். ஒருவர் செருப்பின் உள்பக்கம் எழுதியிருந்தார். டைரக்டரி சர்வர் வந்தால் எல்லோருடைய பெயரும் அடையாளமும் ஒரே இடத்தில் இருக்கும். எந்தக் கதவைத் தட்டினாலும் அந்தக் கதவு இந்த சர்வரிடம் கேட்டுக்கொள்ளும்.

"கல்யாண வாசல்ல ஒரு மாமா நிப்பாரு பாருங்க" என்று மேடத்துக்கு விளக்கினார் முன்னாடி சார். "யாரு பொண்ணு வீடு, யாரு மாப்பிள்ளை வீடு, யாரு சும்மா சாப்பிட வந்தவன், எல்லாம் அவருக்குத் தெரியும். உள்ளே பரிமாறுறவன் யாரையும் விசாரிக்க வேண்டாம்."

"நல்லது. எப்பப் போடலாம்?"

"அதுக்கு முன்னாடி..."

மேடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

முன்னாடி செய்ய வேண்டியவை நிறைய இருந்தன. சர்வருக்குத் தன் முழுப் பெயர் தெரிய வேண்டும். தன் பெயரே தெரியாத எந்திரத்திடம் ஊரார் பெயரை எப்படி ஒப்படைப்பது? கடிகாரம் மற்ற எந்திரங்களோடு ஒத்துப்போக வேண்டும். அடிப்படை மென்பொருளில் இருந்த ஓட்டைகளுக்குப் பேட்ச் போட வேண்டும். சர்வரின் நிர்வாகத் திரைகள் ஓட ஜாவா என்ற மென்பொருள் வேண்டும், அதுவும் குறிப்பிட்ட பதிப்பு. அவர் வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக முடித்தார். அந்த நாட்களில் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. உலகம் முழுவதும் கடைசியில் அவர் வழிக்கு வந்துவிட்டது போல.

வெள்ளிக்கிழமை மாலை பாக்கி இருந்தவை ஜாவாவும் இரண்டு பேட்ச்சும். மறுநாள் சர்வர் கம்பெனியின் இன்ஜினியர் வந்து நிறுவுவார். திங்கட்கிழமை காலை முதல் ஆஸ்பத்திரியே புது வாசல் வழியாக உள்ளே வரும். பாக்கி மூன்றையும் அவர் சிடியில் தயார் செய்திருந்தார். சிடியை எந்திரத்துக்குள் தள்ளினால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்படி எழுதியிருந்தார். அன்றே அவரே தள்ளியிருக்கலாம். ஆனால் மறுநாள் காலை மகளுக்குத் தேர்வு. தேர்வு மையத்துக்கு ஒருமுறை முன்னாடியே போய், எந்தப் பேருந்து, எந்த வாசல், எந்தப் படிக்கட்டு என்று பார்த்து வரக் கிளம்பிவிட்டார்.

பாதி வழியில், நெரிசலான பேருந்தில் தொங்கிக்கொண்டே கம்ப்யூட்டர் அறைக்குப் போன் செய்தார். எடுத்தது அவள்.

"ஏம்மா, பச்சைப் பெட்டியில மூணு சிடி இருக்கு, பாத்தியா?"

"இருக்கு சார்."

"அத டைரக்டரி சர்வருக்கு முன்னாடி போட்டுடும்மா."

"சர்வருக்கு முன்னாடியா சார்?"

"முன்னாடிதான்மா! பின்னாடி போட்டுப் பிரயோஜனம் இல்ல. வரிசை மாறக் கூடாது. நம்பர் போட்டிருக்கேன்."

"சரி சார். முன்னாடியே போட்டுடறேன்."

யாரோ அவர் காலை மிதித்தார்கள் போல. ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் மூன்று சிடிக்களையும் எடுத்துத் துடைத்து, எண் வரிசைப்படி, சர்வருக்கு எதிரே இருந்த தட்டில் வைத்தாள். சர்வரின் பின்பக்கமும் ஒரு தட்டு இருந்தது; அதில் வைத்துவிடக் கூடாது என்று இரண்டாம் முறையும் சரிபார்த்துக்கொண்டாள். போகும்போது, கம்ப்யூட்டரில் இருந்த பணிக்குறிப்பில் எழுதினாள்: 'சிடி மூன்றும் சர்வருக்கு முன்னாடி போட்டாச்சு.'

ஒரு கணம் அவளுக்குச் சந்தேகம் வரத்தான் செய்தது. எடுத்து வைப்பதற்கா ஒரு மனிதர் பேருந்திலிருந்து போன் செய்வார்? திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஆனால் ஒருமுறை கேட்டாயிற்று. "ரெண்டாந்தரம் கேட்டா, மேஸ்திரி மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டான்" என்பது அப்பாவின் தொழில் பாடம். அதோடு, படித்த பெண்ணுக்கு இதுகூடப் புரியவில்லையா என்று ஒருவர் நினைத்துவிடுவாரோ என்ற பயம், படிக்காத வீட்டிலிருந்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

சனிக்கிழமை அவர் மகளைத் தேர்வில் விட்டுவிட்டு வந்தார். பணிக்குறிப்பைப் படித்தார். திருப்தி. சர்வருக்கு எதிரே சிடிக்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்தார். போட்டு முடித்து எடுத்து வைத்திருக்கிறாள், பொறுப்பான பெண் என்று நினைத்து, பச்சைப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தினார். இன்ஜினியர் நிறுவத் தொடங்கினார். திரையில் ஒரு கேள்வி வந்தது: முன்தேவைகள் நிறைவேறினவா? லிஃப்டைக் காலியாக அனுப்பிப் பார்க்கும் மனிதர், "ஆம்" என்று அழுத்தச் சொன்னார்.

ஞாயிறு வரை வாசல் மாமா நன்றாகத்தான் நின்றார். இரண்டு பேர், மூன்று பேர் வந்தால் அடையாளம் கண்டு உள்ளே விட்டார். திங்கள் காலை ஊரே ஒன்றாக வந்தது. படுத்துவிட்டார்.

பழைய பாஸ்வேர்டுகள் முந்தின நாளே நிறுத்தப்பட்டிருந்தன. பரிசோதனை முடிவுகளைக் கூடத்திலிருந்து வார்டுக்குக் கத்திச் சொன்னார்கள். மருந்தாளர் உள்ளங்கையில் எழுதினார். தலைமை அறுவை மருத்துவர் திரையைச் சுட்டிக்காட்டி, "என்னையா யாருன்னு கேக்குது?" என்றார். அவருக்குப் பதில் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லை. திரைக்கு மட்டும் இருந்தது. அது மறுபடியும் கேட்டது.

பிற்பகல் மேடத்தின் அறையில் விசாரணை.

"சிடிய நீ போடலையா?"

"போட்டேன் மேடம்."

"எங்க?"

"சர்வருக்கு முன்னாடி."

"சர்வருக்கு முன்னாடி போட்டிருந்தா, எந்திரத்துல ஏன் இல்ல?"

"எந்திரத்துல எப்படி மேடம் இருக்கும்? முன்னாடிதானே போட்டேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. எப்பப் போட்ட?"

"வெள்ளிக்கிழமை."

"அப்ப முன்னாடிதான் போட்டிருக்க."

"அதைத்தான் மேடம் சொல்றேன்."

முன்னாடி சார் சுவரோரம் நின்றிருந்தார். அவருக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது. அது அவர் முகத்தில் தெரிந்ததை அவள் பார்த்தாள். பேருந்து, நெரிசல், தான் சொன்ன சொல் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அந்த முகத்தில் ஏறி இறங்கின. இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். மேடமும் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொன்னீங்க இவகிட்ட?"

"சொல்றேன் மேடம். அதுக்கு முன்னாடி பதிவுகளை ஒருதரம் பாத்துடறேன்."

பதிவுகளைப் பார்த்து அவர் எழுதிய அறிக்கையில் இரண்டே வாக்கியங்கள். முன்தேவை மென்பொருள்கள் நிறுவப்படவில்லை. அப்பணி மாலை ஷிஃப்ட் ஊழியரிடம் சொல்லப்பட்டிருந்தது. இரண்டும் உண்மை. அடுத்தடுத்து எழுதியபோதுதான் பொய்யாயின. அவள் கோப்பில் 'கவனக்குறைவு' என்று ஒரு குறிப்பு ஏறியது. நிரந்தர வேலை வேறொருவருக்குப் போனது. மேடம் மனம் இளகி அவளை வரவேற்பு மேசைக்கு அனுப்பினார். அங்கே எதையும் எதிலும் போட வேண்டியதில்லை.

"முன்னாடின்னா முன்னாடிதானே?" என்றாள் அம்மா. "இதுக்கு எதுக்குடி படிப்பு?" அப்பா ஏணிமேல் நின்று கீழே போகிறவர்களிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்.

பிறகு பேட்ச்சுகள் போடப்பட்டன, சர்வர் எழுந்து நின்றது. இன்றைக்கும் தினமும் காலையில் அவள் பெயரைக் கேட்டு உள்ளே விடுவது அதே சர்வர்தான். அதற்கு அவள்மேல் எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலை, காலி லிஃப்ட் மேலே போயிருந்த நேரத்தில், அவர் மேசைக்கு வந்து நின்றார்.

"அன்னிக்கு நான்தான்மா தப்பாச் சொல்லிட்டேன்."

"தெரியும் சார்."

"எழுதிக் கொடுத்துடணும்."

"கொடுங்க சார்."

"கொடுக்கறேன். ஆதாரம் இல்லாம எழுதினா, பாவம் பாத்து எழுதினேன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அன்னிக்கு நீ எழுதின பணிக்குறிப்பு, தேதியோட, பேக்கப் டேப்ல இருக்கும். அத எடுத்துட்டா..." லிஃப்ட் திரும்பி வந்துவிட்டது. ஏறிக்கொண்டார்.

டேப் கிடைத்தது. அதைப் படிக்கும் எந்திரம், புது மாதிரி வந்ததும், பழைய இரும்புக்குப் போய்விட்டிருந்தது. விடுமுறை நாட்களில் கடை கடையாக ஏறி இறங்கி அதே மாதிரியில் ஒன்றைப் பிடித்தார். அதை இயக்கும் மென்பொருள் புதிய கம்ப்யூட்டரில் ஏறவில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடினார். அதற்கும் இதற்கும் நடுவே மாட்டும் கேபிளை இப்போது யாரும் செய்வதில்லை. ஒவ்வொரு காலையும் மேசைக்கு வந்து, எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று சொல்வார். ஒருநாள் அவர் சொல்வதற்கு முன்பே "கேபிள் கிடைச்சுதா சார்?" என்று அவளே ஆர்வமாகக் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் தன்மேலேயே எரிச்சல் வந்தது. தன் வாழ்க்கையை இழுத்தடிக்கிற வேலைக்குத் தானே கைகொடுப்பது என்ன புத்தி? ஆனால் மனிதர் உண்மையாகவே உழைத்தார். கோழையா, கவனமானவரா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இதற்குள் அவள் டிப்ளமோவை முடித்தாள். மேடம் ஓய்வு பெற்றார். புதிதாக வந்த தலைவர் இளைஞர். கம்ப்யூட்டர் பிரிவில் ஓர் இடம் காலியானபோது, அவளுடைய கோப்பை அவள் கண்ணெதிரேயே புரட்டினார்.

"எல்லாம் இருக்கு. இந்தக் குறிப்புதான் இடிக்குது. முன்னாடி சார்தான் தப்பாச் சொன்னார்ங்கறீங்கல்ல, அவர் கையால ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. 'தவறு என்னுடையது'ன்னு. நான் இதை எடுத்துடறேன். கடைசி நாள் குறிச்சு அறிவிப்பு வரும், அதுக்குள்ள."

அன்றே நான்காம் மாடிக்குப் போனாள். "சார், டேப் வேண்டாம். ஒரு வரி போதுமாம்."

"ஒரு வரியா? இப்பவே எழுதறேன்." தாளை எடுத்தார். நேராக வைத்தார். பேனாவை ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். "அன்னிக்கு என்ன தேதிம்மா?"

"வெள்ளிக்கிழமை சார். உங்க பொண்ணு பரீட்சைக்கு முந்தின நாள்."

"தேதி?"

அவளுக்கும் நினைவில்லை. "தேதி எதுக்கு சார்?"

"தேதி தப்பாப் போச்சுன்னா மொத்தமும் பொய்யாயிடும்மா. டேப்ல இருக்கும். இன்னும் கொஞ்சம்தான்." பேனாவை மூடினார்.

மாதக் கடைசியில் அவருக்கும் ஓய்வு. அவர் டேப் எந்திரத்தையும் பழைய கம்ப்யூட்டரையும் ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். "வீட்ல உக்காந்து நிதானமா முடிச்சு அனுப்பிடறேன்" என்றார். வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று அறிவிப்பு வந்தது. அந்த வாரமே, காலையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தபோது நாற்காலியிலேயே அவர் உயிர் போய்விட்டது. யாருக்கும் முன்னாடியே தெரியவில்லை.

அவள் துக்கம் விசாரிக்கப் போனாள். துக்கத்துக்குப் போகிறேனா, வரிக்குப் போகிறேனா என்று வழிநெடுகத் தன்னைக் கேட்டுக்கொண்டே போனாள். வீட்டில் கூட்டம் ஓய்ந்திருந்தது. உள்ளறையில் ஏதோ உறுமிக்கொண்டிருந்தது.

"அந்தப் பெட்டிதான்மா. அவர் வெச்ச நாள்லேருந்து ஓடிட்டே இருக்கு. எப்படி நிறுத்தறதுன்னு எங்க யாருக்கும் தெரியல" என்றார் வீட்டுக்காரம்மா.

அவள் உள்ளே போனாள். டேப் முன்னும் பின்னுமாக ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எழுத்து எதுவும் வரவில்லை. அதைச் சுற்றி முடிக்க விட்டு, வெளியே எடுத்து, உறையில் போட்டு, எந்திரத்தை அணைத்தாள். வீடு சட்டென்று அமைதியாயிற்று. அந்த அம்மா அப்போதுதான் அழுதார்.

கொஞ்சநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்கள் எல்லோரிடமும் கேட்டதையே அவளிடமும் கேட்டார். "அவர் உனக்கு ஏதாவது பாக்கி வெச்சிருந்தாச் சொல்லும்மா. யார் பொருளும் நமக்கு வேண்டாம்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஒரு வரி பாக்கிம்மா."

"வரியா?" அந்த அம்மா பதறி எழுந்தார். "இருக்காதே! வீட்டு வரி, தண்ணி வரி எல்லாம் அடுத்த வருஷத்துக்கும் சேத்து இப்பவே கட்டிட்டாரே."

"அது இல்லம்மா..."

அதற்குள் அலமாரி திறந்துவிட்டது. ரசீதுகளை எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். தேதி, தொகை, முத்திரை, கையெழுத்து, எல்லாம் ஒழுங்காக இருந்தன.

"சரியா இருக்கும்மா" என்று திருப்பிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை அவளுடைய விண்ணப்பம் அந்த வரி இல்லாமல் மேலே போனது. குறிப்பு இன்னும் கோப்பில் இருக்கிறது.